புறநகர்ச் சாலையில் தொடரும் விபத்துகள்: வேகத்தடை கேட்பதற்கு முன் வரைய வேண்டிய படம்

வாசகர் கேள்வி: செங்கல்பட்டு மாவட்டத்தில் ஊரப்பாக்கத்துக்கும் கூடுவாஞ்சேரிக்கும் இடையே, ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையை ஒட்டிய ஒரு குடியிருப்பின் நலச் சங்கச் செயலாளராக இருக்கிறேன். எங்கள் நகரின் நுழைவுச் சாலை நெடுஞ்சாலையில் சேரும் இடத்தில் சென்டர் மீடியனில் ஒரு திறப்பு உண்டு. பேருந்திலிருந்து இறங்கி இரவில் சாலையைக் கடந்த ஓர் அம்மாவையும், வேலை முடிந்து பைக்கில் திரும்பிய ஓர் இளைஞரையும் அங்கே அடுத்தடுத்து இழந்துவிட்டோம். அம்மாவின் மீது மோதிய வண்டி எதுவென்று இன்றுவரை தெரியவில்லை. சங்கத்தில் சிலர் வேகத்தடை வேண்டும் என்கிறார்கள், சிலர் சிக்னல், சிலர் நடைமேம்பாலம். பையன் ஹெல்மெட் போட்டிருந்தால் பிழைத்திருப்பான் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். மனு கொடுக்கப் போனால், உங்கள் இடம் விபத்து மிகுந்த இடங்களின் கரும்புள்ளிப் பட்டியலில் இல்லை என்று பதில் வருகிறது. நாங்கள் எதைக் கேட்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும்?

அன்புள்ள அம்மையீர்,

வணக்கம். இரண்டு குடும்பங்களின் துயரத்தையும், சங்கத்தில் எழும் மாறுபட்ட குரல்களையும் எதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். நான் போக்குவரத்துப் பொறியாளனாகப் பணியாற்றியவன். உங்கள் திறப்பை நேரில் பார்க்காமல் அதற்கு இதுதான் தீர்வு என்று எழுதுவது முறையாகாது. ஆனால் தீர்வை எந்த வழியில் கண்டடைவது என்பதை உறுதியாகச் சொல்ல முடியும். வேகத்தடையா, சிக்னலா, பாலமா என்ற விவாதத்தைச் சில வாரங்கள் ஒத்திவையுங்கள். அந்த இடத்தில் எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்குப் போகிறவர், எந்த நேரத்தில், எந்தத் தடத்தில் வரும் வண்டியோடு மோதுகிறார் என்பதை ஒரே தாளில் வரையுங்கள். கேட்க வேண்டியது எது என்பதை அந்தப் படமே பெரும்பாலும் காட்டிவிடும். படம் இல்லாமல் கேட்கப்படும் தீர்வு கிடைத்தாலும், அது வேறொரு விபத்துக்கான தீர்வாக இருந்துவிடக் கூடும்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். விபத்து வழக்குகளின் முதல் தகவல் அறிக்கையில் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து' என்ற தொடர் தவறாமல் இடம்பெறுவதைப் பார்த்திருப்பீர்கள். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 279, 304ஏ பிரிவுகளும், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 106 பிரிவுகளும் ஓட்டியவரின் குற்றத்தையே விசாரிக்கின்றன. ஆகவே காவல் துறை அப்படித்தான் எழுத முடியும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கையில் நாடு முழுவதும் பதிவான 1,68,491 இறப்புகளில் ஏறத்தாழ 71 விழுக்காடு அதிவேகம் என்ற ஒரே தலைப்பின் கீழ் வந்ததற்கு இந்த எழுத்து முறையும் ஒரு காரணம் என்பது என் கருத்து. வேகம் கொல்கிறது என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆனால் வெவ்வேறு ஓட்டுநர்கள், வெவ்வேறு வண்டிகள், வெவ்வேறு மாதங்கள் என்றிருந்தும் ஒரே இடத்தில் ஒரே மாதிரியான மோதல் திரும்பத் திரும்ப நடந்தால், ஓட்டுநர்களுக்குப் பொதுவாக இருப்பது அந்தச் சாலை மட்டுமே. நீதிமன்றம் கேட்க வேண்டிய கேள்வியும் பொறியாளர் கேட்க வேண்டிய கேள்வியும் வேறு வேறு. உங்கள் சங்கம் இரண்டாவது கேள்வியைக் கையில் எடுக்க வேண்டும்.

உங்கள் பகுதியின் அடிப்படைச் சிக்கல், ஒரே சாலை இரண்டு வேலைகளைச் செய்கிறது என்பதுதான். பழைய எண் 45ஆக இருந்து இப்போது 32ஆக உள்ள இந்தத் தேசிய நெடுஞ்சாலை, சென்னையிலிருந்து தென் மாவட்டங்களுக்குப் போகும் வண்டிகளை விரைந்து கடத்துவதற்கான பாதை. அதே நேரம், இருபுறமும் மளிகைக் கடை, பள்ளி, டிபன் கடை, ரயில் நிலையத்துக்குப் போகும் சந்து என எல்லாம் அமைந்துவிட்ட ஒரு கடைத்தெருவும் அதுவே. 2023 டிசம்பர் 30இல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு தென் மாவட்டப் பேருந்துகள் அங்கிருந்து புறப்பட்டு உங்கள் வாசலைக் கடந்துதான் செல்கின்றன. முனையத்துக்கு வந்து சேரும் ஷேர் ஆட்டோக்களும், ஆட்களை இறக்கிவிட வரும் இருசக்கர வண்டிகளும் அதே சாலையில்தான். 2018இல் மத்திய அரசு அறிவித்த உச்ச வேக வரம்பு, மீடியன் உள்ள நான்கு வழி அல்லது அதற்கு மேற்பட்ட சாலையில் கார் மணிக்கு 100 கி.மீ. வரையும், நகராட்சி எல்லைக்குள் 70 கி.மீ. வரையும் செல்ல அனுமதித்தது. ஓர் ஓட்டுநர் தாம் எந்தச் சாலையில் இருக்கிறார் என்பதைப் பலகையைப் பார்த்து முடிவு செய்வதில்லை. சாலையின் அகலத்தையும், நேர்த்தன்மையையும், முன்னால் இருக்கும் வெற்றிடத்தையும் பார்த்துத்தான் வேகத்தைத் தேர்ந்தெடுக்கிறார். அகலமான சாலை ஊருக்குள்ளும் நெடுஞ்சாலை வேகத்தையே அவரிடம் தூண்டுகிறது.

நான்கு வழியாக இருந்த சாலை எட்டு வழியானபோது நெரிசல் குறைந்தது உண்மை. நடந்து கடப்பவருக்கு என்ன நேர்ந்தது என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு தடத்தின் அகலம் 3.5 மீட்டர். ஒரு பக்கத்தில் நான்கு தடங்கள் என்றால் 14 மீட்டர். சாதாரணமாக நடப்பவர் வினாடிக்கு 1.2 மீட்டர் கடப்பார் என்று சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைப் பேராயத்தின் வழிகாட்டுதல்கள் கொள்வதால், ஒரு பாதியைக் கடக்கவே அவருக்கு ஏறத்தாழ 12 வினாடி வேண்டும். முழங்கால் வலியுள்ள ஒரு முதியவருக்கு 15 வினாடி ஆகும். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி அந்த 15 வினாடியில் 330 மீட்டர் வந்துவிடும். அதாவது நான்கு தடங்களிலும் ஒரே நேரத்தில் 330 மீட்டருக்கு வண்டியே இல்லாத இடைவெளி கிடைத்தால்தான் அவர் பதறாமல் மீடியனை அடைய முடியும். மாலை ஆறு மணிக்கு மேல் அப்படியோர் இடைவெளி கிடைப்பது அரிது. அதனால் மக்கள் ஒவ்வொரு தடமாகக் கடந்து, வெள்ளைக் கோட்டின் மேல் நின்று, அடுத்த தடம் காலியாகும் வரை காத்திருக்கிறார்கள். முதல் தடத்தில் ஒரு பேருந்து இரக்கப்பட்டு நின்றாலும் ஆபத்து நீங்குவதில்லை, ஏனென்றால் அந்தப் பேருந்தின் மறைவிலிருந்து அவர் வெளிப்படும் நொடியில் அடுத்த தடத்துக் கார் ஓட்டுநருக்கு அவர் திடீரென்று தோன்றுகிறார். நீங்கள் குறிப்பிட்ட அம்மாவின் விபத்து இந்த வகையா என்பதை அறிவது மிக முக்கியம். நின்றிருந்த பேருந்தின் முன்பக்கமாகக் கடந்தாரா, பின்பக்கமாகவா, எந்தத் தடத்தில் அடிபட்டார் என்பதை நேரில் கண்டவர்களிடம் பரிவோடு கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இதனோடு இருளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 80 கி.மீ. வேகத்தில் வருபவர் ஆபத்தை உணர்ந்து பிரேக்கில் கால் வைப்பதற்குள், ஒன்றரை வினாடி என்று கொண்டாலும், 33 மீட்டர் கடந்துவிடுகிறது. நல்ல டயரும் உலர்ந்த சாலையும் இருந்தால் அதன்பின் நிற்க இன்னும் 35 மீட்டர். மொத்தம் கிட்டத்தட்ட 70 மீட்டர். இருண்ட நிறப் புடவை உடுத்தியவர் டிம் விளக்கு வெளிச்சத்தில் பல வேளைகளில் 50 மீட்டருக்குள் வந்த பிறகே கண்ணில் படுவார். ஆகவே அந்த வேகத்தில், எவ்வளவு கவனமுள்ள ஓட்டுநராலும் நிறுத்த முடியாத நிலை அமைந்துவிடுகிறது. 50 கி.மீ. வேகமென்றால் மொத்தமும் 35 மீட்டரில் நின்றுவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, கார் மோதும் வேகம் 50இலிருந்து 65 கி.மீ. ஆக உயரும்போது பாதசாரி இறக்கும் வாய்ப்பு நான்கரை மடங்காகிறது. எனவே விளக்கு, வேகம் இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும். விளக்கு மட்டும் போட்டு அகலமான சாலையை இன்னும் வசதியாக்கினால் வேகம் கூடவும் செய்யலாம்.

அடுத்தது மீடியன் திறப்பு. உங்கள் இளைஞரின் விபத்து எப்படி நடந்தது என்று கடிதத்தில் இல்லை. இத்தகைய திறப்புகளில் மூன்று வகை மோதல்களை அடிக்கடி காணலாம். நகரிலிருந்து வெளியே வரும் பைக் நான்கு தடங்களையும் குறுக்கே வெட்டித் திறப்புக்குள் நுழையும்போது, வலது ஓரத்து வேகத் தடத்தில் வரும் கார் பக்கவாட்டில் மோதுவது ஒன்று. யூ-டர்ன் எடுக்கக் காத்திருக்கும் வண்டி முழுவதும் திறப்புக்குள் அடங்காமல், அதன் பின்பகுதி வேகத் தடத்திலேயே நின்றுகொண்டிருக்க, பின்னால் வருபவர் மோதுவது இன்னொன்று. மீடியனில் வளர்ந்த அரளிச் செடிகளோ விளம்பரத் தட்டிகளோ பார்வையை மறைத்து, திரும்புகிறவரும் எதிரே வருகிறவரும் கடைசி நொடி வரை ஒருவரையொருவர் காணாமல் இருப்பது மூன்றாவது. ஒரே திறப்புதான், ஆனால் மூன்றுக்கும் மருந்து வேறு. முதல் வகைக்கு, குறுக்கே வெட்ட முடியாதபடி திறப்பை மூடிவிட்டு, சற்றுத் தள்ளி இடப்பக்கம் சேர்ந்து போய்த் திரும்பும் வகையில் யூ-டர்ன் அமைக்க வேண்டும். இரண்டாவதற்கு, காத்திருக்கும் வண்டி ஒதுங்கி நிற்க மீடியனைக் குடைந்து தனித்தடம் வேண்டும். மூன்றாவதற்குச் செடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டி, தட்டிகளை அகற்றினாலே போதும். அதற்கு நிதி ஒதுக்கீடுகூடத் தேவையில்லை. எந்த வகை என்று அறியாமல் சிக்னல் கேட்பது ஏன் சரியாகாது என்பது இதிலிருந்தே விளங்கும்.

யூ-டர்ன் வெகு தொலைவில் இருந்தால் மக்கள் எதிர்த்திசையில் வண்டி ஓட்டுவார்கள். இதைச் சொல்லும்போது சங்கத்தில் சிலருக்குக் கோபம் வரலாம், ஏனென்றால் அப்படி ஓட்டுகிறவர்களில் நம் உறுப்பினர்களும் இருப்பார்கள். சட்டப்படி அது ஆபத்தான ஓட்டுதல் என்ற குற்றமே. ஆனால் பால் வாங்கப் போகிறவரைப் பல கிலோமீட்டர் சுற்றிவரச் சொல்லும் ஒரு வடிவமைப்பு, அவர் தினமும் அந்தக் குற்றத்தைச் செய்வார் என்று எதிர்பார்த்தே அமைந்ததைப் போன்றது. சர்வீஸ் சாலை விட்டுவிட்டு இல்லாமல் தொடர்ச்சியாகவும், ஆக்கிரமிப்பு இல்லாமலும், இருதிசைப் போக்குவரத்துக்குப் போதிய அகலத்தோடும் இருந்தால் எதிர்த்திசைப் பயணத்தின் பெரும்பகுதி தானாகவே மறைந்துவிடும். உங்கள் பகுதியில் சர்வீஸ் சாலை எங்கே அறுபடுகிறது, எங்கே லாரிகள் நிற்கின்றன என்பதையும் படத்தில் குறியுங்கள். மறைமலை நகர், ஒரகடம் தொழிற்பகுதிகளுக்குப் போகும் கனரக வண்டிகள் இரவில் டீக்கடை ஓரம் பின்விளக்கின்றி நிற்பது தனியொரு ஆபத்து; அதற்குக் காவல் துறையின் ரோந்தும் லாரி நிறுத்தத்துக்கு ஒதுக்கிய இடமும் தேவை.

இப்போது சங்கத்தின் கோரிக்கைகளுக்கு வருகிறேன். வேகத்தடையைக் கேட்காதீர்கள். தேசிய நெடுஞ்சாலையின் பிரதானப் பாதையில் வேகத்தடை அமைக்கக் கூடாது என்பதே மத்திய அமைச்சகத்தின் நிலைப்பாடு. உங்கள் மனு அந்த ஒரு வரியால் நிராகரிக்கப்பட்டுவிடும். 80 கி.மீ. வேகத்தில் வரும் பைக், இரவில் பெயின்ட் அழிந்த ஒரு மேட்டில் ஏறினால் அதுவே ஓர் உயிரைப் பறிக்கும். வேகத்தடை வேண்டியது உங்கள் நகரின் நுழைவுச் சாலையில், அது நெடுஞ்சாலையைத் தொடுவதற்குச் சற்று முன்னால். உள்ளே இருந்து வரும் வண்டிகள் அங்கே கட்டாயம் நிதானிக்க வேண்டும். அதைச் சாலைப் பேராயத்தின் அளவுப்படி, 3.7 மீட்டர் அகலத்தில் 10 செ.மீ. உயரத்தில், வட்ட வளைவாக அமைக்கச் சொல்லுங்கள். தெருக்களில் நாம் காணும் குறுகிய சுவர் போன்ற மேடு முதுகெலும்புக்குக் கேடு, விபத்தையும் தடுக்காது. நெடுஞ்சாலையில் கேட்க வேண்டியவை, ஊர் தொடங்குகிறது என்று வெகு முன்பே அறிவிக்கும் பெரிய பலகைகள், குறுக்கே போடப்படும் தடித்த வெள்ளைக் கோட்டுத் தொகுப்புகள், குறைக்கப்பட்ட வேக வரம்பு, அந்த வரம்பைக் கண்காணிக்கும் வேகக் கேமரா ஆகியவை.

காவல் துறை அவசரத்துக்கு வைக்கும் இரும்பு பேரிகேடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பகலில் அவை வேகத்தைக் குறைக்கின்றன. ஒளிரும் ஸ்டிக்கரும் மின்னும் விளக்கும் இல்லாமல் இரவில் விட்டால் அவையே மோதும் பொருளாகிவிடுகின்றன. வைக்கச் சொல்லும்போதே ஒளிரும் பட்டைகளோடு வைக்கச் சொல்லுங்கள்.

நடைமேம்பாலம் என்பது கேட்கச் சுலபமாகவும், திறப்பு விழாவுக்கு ஏற்றதாகவும் இருப்பதால் எல்லோருக்கும் பிடித்த தீர்வாகிவிட்டது. அடியில் உயரமான லாரிகள் போக வேண்டும் என்பதால் அதன் நடைதளம் தரையிலிருந்து ஏறத்தாழ 6 மீட்டர் உயரத்தில் இருக்கும். ஒரு படி 15 செ.மீ. என்றால் ஏற 40 படி, இறங்க 40 படி. கையில் பையும் இடுப்பில் குழந்தையுமாக இருப்பவர் எதிரே தெரியும் தம் வீட்டுக்குப் போக 80 படிகளைத் தேர்ந்தெடுப்பாரா என்று யோசியுங்கள். லிஃப்ட் இயங்கும், இரவிலும் இயங்கும், பராமரிக்க ஆள் இருக்கும் என்ற உறுதி எழுத்தில் கிடைத்தால் மட்டுமே பாலத்தை ஆதரியுங்கள். என் விருப்பம், பேருந்து நிறுத்தத்தை ஒட்டி, பொத்தானை அழுத்தினால் இயங்கும் பாதசாரி சிக்னல். அதை இரண்டு கட்டமாக அமைக்கலாம். முதலில் ஒரு பாதியைக் கடந்து, சக்கர நாற்காலி நிற்கும் அளவு அகலமான, தடுப்புச் சுவரால் காக்கப்பட்ட மீடியன் திட்டில் காத்திருந்து, பிறகு மறுபாதியைக் கடப்பது. இப்படிச் செய்தால் ஒவ்வொரு திசையிலும் வண்டிகள் அரை நிமிடத்துக்கும் குறைவாகவே நிற்கும். ஆகையால் நெடுஞ்சாலைத் துறையும் ஒப்புக்கொள்ள வாய்ப்பு உண்டு. சிக்னலுக்கு முன்னறிவிப்புப் பலகையும் மஞ்சள் மின்விளக்கும் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் பின்மோதல்கள் பெருகும். வெறும் ஜீப்ரா கோடு மட்டும் எட்டு வழிச் சாலையில் போதாது; அது நடப்பவருக்குத் துணிவைக் கொடுக்கிறதே தவிர ஓட்டுநரை நிறுத்துவதில்லை.

ஹெல்மெட் பற்றிய விவாதத்தை அன்போடு, ஆனால் உறுதியாக நடத்துங்கள். தரமான ஹெல்மெட்டைப் பட்டை பூட்டி அணிந்தால் இறப்பு வாய்ப்பு ஏறத்தாழ 40 விழுக்காடும், தலைக்காய வாய்ப்பு ஏறத்தாழ 70 விழுக்காடும் குறைகிறது என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட முடிவு. 2022இல் நாட்டில் ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர்; அவர்களில் 14,337 பேர் பின்னால் அமர்ந்திருந்தவர்கள். எனவே பின்னிருக்கைக்கும் ஹெல்மெட் என்பதைச் சங்கத்தின் தீர்மானமாகவே கொண்டுவரலாம். ஆனால் அந்த இளைஞரின் தாய் தகப்பன் காதுபட, அணிந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். ஹெல்மெட் மோதலின் விளைவைக் குறைக்கிறது. மோதல் ஏன் நடந்தது என்பதற்கு அது விடையாகாது. மனிதர்கள் தவறு செய்யவே செய்வார்கள், அந்தத் தவறுக்கு மரணம் தண்டனையாகாதபடி சாலையை அமைப்பது ஆட்சியின் கடமை என்ற கொள்கையைத்தான் 1997இல் சுவீடன் நாடாளுமன்றம் ஏற்றது. அந்தக் கடமையை நம் துறைகளிடம் கேட்கும் உரிமை, ஹெல்மெட் அணியாதவரின் குடும்பத்துக்கும் உண்டு.

படத்தை வரையும் முறைக்கு வருகிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, உங்கள் எல்லைக்குரிய காவல் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பியுங்கள். கடந்த ஐந்து ஆண்டுகளில் இன்ன கிலோமீட்டர் கல்லிலிருந்து இன்ன கல் வரை நடந்த விபத்துகளின் நாள், நேரம், இடம், சம்பந்தப்பட்ட வண்டி வகைகள், மோதல் வகை, காயத்தின் தன்மை ஆகியவற்றை மட்டும் கேளுங்கள். பெயர், முகவரி வேண்டாம் என்று நீங்களே எழுதிவிட்டால் மறுப்பதற்குக் காரணம் குறையும். 30 நாளில் பதில் தர வேண்டும். சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கி, தேசிய தகவல் மையம் நடைமுறைப்படுத்தும் ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தரவுத்தளத்தில் காவல் அதிகாரிகள் விபத்து இடத்திலிருந்தே இட அமைவைப் பதிவு செய்கிறார்கள்; தமிழ்நாடு அதன் முன்னோடி மாநிலங்களில் ஒன்று. ஆகவே தரவு இல்லை என்ற பதிலை ஏற்க வேண்டியதில்லை.

காவல் பதிவில் இல்லாதவை நிறைய இருக்கும். கை கால் முறிந்தும் வழக்கு வேண்டாம் என்று அங்கேயே பேசி முடித்துக்கொண்டவை, உங்கள் மூலையில் உள்ள மருந்துக் கடைக்காரருக்கும், ஆட்டோ ஸ்டாண்டில் இருப்பவர்களுக்கும், பஞ்சர் கடைக்காரருக்கும் நினைவில் இருக்கும். நூலிழையில் தப்பியவற்றையும் அவர்கள் சொல்வார்கள். அவற்றை வேறு நிற மையில் குறித்து, உறுதிசெய்யப்பட்டவற்றோடு கலக்காமல் வையுங்கள். ஒவ்வொரு மோதலுக்கும் இரண்டு அம்புக்குறிகள், பக்கத்தில் நேரம், இருளா வெளிச்சமா, மழையா, வார நாளா என்ற குறிப்பு. நாடு முழுவதும் மாலை 6 முதல் 9 மணி வரைதான் விபத்துகள் அதிகம். உங்கள் சாலையில் இதோடு வெள்ளிக்கிழமை இரவு சென்னையை விட்டுக் கிளம்பும் வண்டிகளையும், ஞாயிறு நள்ளிரவு முதல் திங்கள் விடியல் வரை தூக்கக் கலக்கத்தோடு திரும்பும் கார்களையும், தீபாவளி, பொங்கல் நாட்களின் முன்பின் நாட்களையும் தனியாகப் பாருங்கள். மாலையில் மோதல்கள் அதிகமாகவும், விடியற்காலையில் மோதல்கள் குறைந்தும் இறப்புகள் மிகுந்தும் இருந்தால் நீங்கள் எதிர்கொள்வது இரண்டு தனித்தனிச் சிக்கல்கள். இரண்டு இறப்புகளை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஒரு திறப்பில் ஓராண்டு அதிகமாகவும் மறு ஆண்டு குறைவாகவும் இருப்பது எதையும் மாற்றாமலேகூட நடக்கும், அதனால்தான் ஐந்தாண்டு கேட்கச் சொல்கிறேன்.

வேகத்தை நீங்களே அளக்கலாம். சர்வீஸ் சாலையின் பாதுகாப்பான ஓரத்தில் நின்று, நெடுஞ்சாலையில் 100 மீட்டர் இடைவெளியுள்ள இரண்டு விளக்குக் கம்பங்களை அடையாளமாகக் கொண்டு, முன்னால் தடையின்றி வரும் வண்டிகள் அந்த இடைவெளியைக் கடக்கும் நேரத்தைக் கைப்பேசியின் ஸ்டாப்வாட்சில் குறியுங்கள். 6 வினாடி என்றால் 60 கி.மீ.; நாலரை வினாடி என்றால் 80; 3.6 வினாடி என்றால் 100. நூறு வண்டிகளை அளந்து வரிசைப்படுத்தி, மிக வேகமான பதினைந்தை நீக்கிவிட்டு அடுத்து நிற்கும் வேகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பொறியாளர்கள் வேக வரம்பை ஆராயும்போது பார்ப்பது அந்த எண்ணைத்தான். மனுவில் அது இருந்தால் உங்களோடு பேசும் முறையே மாறும். பிள்ளைகளை இந்த வேலைக்கு அனுப்ப வேண்டாம். யாரும் சாலைக்குள் இறங்கவும் வேண்டாம்.

கரும்புள்ளிப் பட்டியலில் இல்லை என்ற பதிலுக்கு வருவோம். மத்திய அமைச்சகத்தின் வரையறைப்படி, ஏறத்தாழ 500 மீட்டர் நீளத்தில், மூன்று ஆண்டுகளில், உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்பட்ட ஐந்து விபத்துகள் நடந்திருந்தாலும், அல்லது பத்துப் பேர் இறந்திருந்தாலும் அந்த இடம் கரும்புள்ளியாகும். கொடுங்காயமும் கணக்கில் சேரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எலும்பு முறிந்து மருத்துவமனையில் இருந்தவர்களையும், விபத்து நடந்து 30 நாளுக்குள் இறந்தவர்களையும் சேர்த்து எண்ணுங்கள். உங்கள் இடம் வரையறைக்குள் வந்துவிடக் கூடும். வராவிட்டாலும் மனம் தளர வேண்டாம். அந்த வரையறை எந்த இடத்தை முதலில் சரிசெய்வது என்று வரிசைப்படுத்துவதற்காக ஏற்பட்டது. எண்ணிக்கை நிறையும் வரை காத்திருக்கச் சொல்வதற்கு அதில் ஒன்றும் இல்லை.

மனுவை மாவட்ட ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு முகவரியிட்டு, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் நேரில் கொடுத்து மனு எண் பெறுங்கள். மனுவின் நகல்களை நெடுஞ்சாலைத் துறையின் கோட்டப் பொறியாளர், தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் திட்ட இயக்குநர், போக்குவரத்துக் காவல், உங்கள் உள்ளாட்சி ஆகியோருக்கு அனுப்புங்கள். பிரதான சாலை, சர்வீஸ் சாலை, வடிகால், விளக்கு ஆகியவை வெவ்வேறு அலுவலகங்களின் பொறுப்பாக இருக்கலாம். விளக்குக் கம்பம் நட்டபின் மின்கட்டணத்தை யார் செலுத்துவது என்பதிலேயே பல இடங்களில் இருட்டு நீடிக்கிறது. ஆகவே தனித்தனியாக அலைவதை விட, எல்லோரும் சேர்ந்து வரும் கூட்டுக் கள ஆய்வைக் கேளுங்கள். அதை மாலை ஏழு மணிக்கு நடத்தக் கேளுங்கள். காலை பதினொரு மணிக்குப் பார்த்தால் உங்கள் திறப்பில் எந்தக் குறையும் தெரியாது. ஆய்வுக் குறிப்பின் நகலையும், ஒவ்வொரு பணிக்கும் பொறுப்பான அலுவலரையும், முடிக்கும் காலத்தையும் எழுத்தில் பெறுங்கள்.

2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு, சாலை வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் உரிய தரத்தைப் பின்பற்றாததால் இறப்போ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அமைப்புக்கோ ஒப்பந்ததாரருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க வழிசெய்கிறது. அந்த ஆபத்தை அவர்கள் அறிந்திருந்தார்களா, அறிந்திருக்க வேண்டியவர்களா என்பதையும் நீதிமன்றம் பார்க்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. தேதியும் மனு எண்ணும் உள்ள உங்கள் கடிதம் அந்த அறிதலுக்குச் சான்று. இதை மிரட்டலாக எழுத வேண்டியதில்லை. பிரிவைக் குறிப்பிட்டு ஒரு வரி போதும். கள ஆய்வுக்கு வரும் பொறியாளர்களில் பலர் மனசாட்சியோடு உழைப்பவர்கள், மேலதிகாரியிடம் நிதி கேட்க அவர்களுக்கும் இப்படியொரு தாள் தேவைப்படுகிறது.

சாலை மாறும் வரை உயிர் காக்கும் வேலையும் இருக்கிறது. திறப்பருகே உள்ள கடைக்காரர்களுக்கும் ஆட்டோ ஓட்டுநர்களுக்கும் முதலுதவிப் பயிற்சி ஏற்பாடு செய்யுங்கள். அடிபட்டவரைத் தூக்கினால் போலீஸ் கேஸ் ஆகும் என்ற அச்சம் இன்னும் இருக்கிறது; அதே மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுபவருக்குப் பாதுகாப்பு தருகிறது, பெயரைச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. 108ஐ அழைப்பதோடு, 2021 டிசம்பர் 18இல் மேல்மருவத்தூரில் தொடங்கிவைக்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகள் உங்களுக்கு அருகே எவை என்று ஒரு பலகையில் எழுதி வையுங்கள். முதல் 48 மணி நேர அவசர சிகிச்சைக்கு அங்கே பணம் கேட்க மாட்டார்கள். வெளி மாநிலத்தவருக்கும் அது பொருந்தும். அந்த அம்மாவின் குடும்பத்துக்கு ஒரு செய்தியை உடனே கொண்டுசேருங்கள். மோதிய வண்டி எதுவென்று தெரியாத வழக்குகளில், 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள திட்டப்படி, இறந்தவரின் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் இழப்பீடு உண்டு. வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரித்து, முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை நகல்களோடு விண்ணப்பிக்க உதவுங்கள்.

ஒன்று மட்டும் மனு கொடுப்பதற்கு முன்பே செய்ய வேண்டியது. உங்கள் திறப்பை மூடினால் அங்கே திரும்பிய அத்தனை வண்டிகளும் அடுத்த திறப்புக்குப் போகும். அங்கே ஒதுங்கி நிற்கும் தடமும் வெளிச்சமும் இல்லையென்றால் விபத்து இடம் மாறுமே தவிர குறையாது. எனவே படத்தை உங்கள் வாசலோடு நிறுத்தாமல், இருபுறமும் அடுத்த யூ-டர்ன் வரை நீட்டி வரையுங்கள். அந்த இரண்டு இடங்களில் உள்ள நலச் சங்கங்களையும் அழைத்துப் பேசி, மூன்று சங்கங்களும் கையெழுத்திட்ட ஒரே மனுவாகக் கொடுங்கள். பணி முடிந்த பின்பும் அதே மூன்று இடங்களிலும் வேகத்தை மறுபடி அளந்து, விபத்துக் குறிப்பை இன்னும் மூன்று ஆண்டுகளுக்குத் தொடர்ந்து எழுதி வாருங்கள்.